தவணைக்கு ஒரு பெரிய அனுபவம்: மலையகத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு

பத்தனை கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து எங்கள் பாடசாலைக்கு வரும் இளம் ஆசிரியைகள், வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வியோடு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். "டீச்சர், பாடப்புத்தகத்தை முடிக்கணும். சிறுவர் சந்தை, வாணி விழா, ஒளிவிழா, களப்பயணம் எல்லாம் செய்யணும். இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" நியாயமான கேள்விதான். ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவள் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். தவணைக்கு ஒரு பெரிய அனுபவம் போதும். அந்த ஒன்றைத் தாய்மொழி, கணிதம், சுற்றாடல், சமயம் என்று எல்லாப் பாடவேளைகளுக்குள்ளும் ஓட விடுங்கள். மற்றவை சின்னதாகவே நடக்கட்டும்.

எங்கள் பாடசாலை ஹட்டன் பக்கம். மேலே தேவாலயம், மற்ற மூன்று பக்கமும் தேயிலை. பெயர்ப்பலகையில் ஒரு புனிதரின் பெயர் இருக்கிறது. நாட்டின் பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகளைப் போல, 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு இதுவும் அரசாங்கத்தின் கீழ் வந்துவிட்டது. ஆகவே மகரகம தேசிய கல்வி நிறுவகம் தரும் அதே பாடத்திட்டத்தைத்தான் நாங்களும் படிப்பிக்கிறோம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவர்கள். சமயப் பாடவேளையில் ஒரு வகுப்பறையில் சைவநெறி நடக்கும், பக்கத்து வகுப்பறையில் கத்தோலிக்கம் நடக்கும். எதைத் திட்டமிட்டாலும் இந்த இரண்டு வகுப்பறையையும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் தேர்ச்சி, பிறகுதான் இடம்

தவணை தொடங்குமுன் ஒரு பின்னேரம் எல்லா வகுப்பாசிரியர்களும் ஆசிரியர் வழிகாட்டியோடு உட்காருங்கள். அந்தத் தவணையில் பிள்ளை அடைய வேண்டிய தேர்ச்சிகளில், நாற்காலியில் உட்கார்ந்தபடி வரவே வராதவை எவை என்று பாருங்கள். எடையை நிறுத்துப் பார்ப்பது, தெரியாத ஒருவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது, ஒன்று மாறுவதை நாள்கணக்கில் கவனிப்பது, கண்டதை ஒழுங்காகச் சொல்வது. இவற்றைக் கோடிட்டுக்கொண்டு, இவை எல்லாம் எந்த ஒரு வேலையில் சேர்ந்து கிடைக்கும் என்று யோசியுங்கள். "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்று தொடங்கினால் பஸ் கட்டணத்தில்தான் பேச்சு முடியும்.

ஒரே அனுபவம் எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி அமையாது. தரம் 1, 2 முதலாம் முதன்மை நிலை; அங்கே விளையாட்டும் செயற்பாடும்தான் கூடுதல். தரம் 3, 4இல் எழுத்து வேலை கூடி வரும். தரம் 5 எழுத்துக்குத் தயாரான வயது. ஒரு வேலையை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்தால், அக்காவும் தம்பியும் ஒரே விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு நிகரான மீட்டல் வேறில்லை.

அடுத்தது மழை. ஹட்டன், வட்டவளை, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஆகவே வெளியே போகிற வேலையை ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஆசிரியர்களுக்குக் கணக்கு வேறு. ஆண்டுக் கடைசி மாதங்களில்தான் அவர்களுக்கு மழை கொட்டும்.

முதலாம் தவணை: ஸ்டோருக்குப் போவது

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பிள்ளைகள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அம்மா பறிக்கிற கொழுந்து லொறியில் ஏறிப் போவதைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அநேகம் பேருக்குத் தெரியாது. தூர ஊர்ச் சுற்றுலாவுக்கு முன்னால் இந்தக் கதவைத் திறந்து காட்டுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அதிபர் கையொப்பத்தோடு தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிறகு தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரை நேரில் பார்த்து, கொழுந்து அரைப்பது எத்தனை மணிக்கு என்று கேட்டு வாருங்கள். பல ஸ்டோர்களில் அது காலையிலேயே முடிந்துவிடும்; பதினொரு மணிக்குப் போனால் நின்றுபோன இயந்திரத்தைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். தரம் 1, 2 பிள்ளைகளை அரைக்கும் இடத்துக்கும் அடுப்புப் பக்கத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். கொழுந்து நிறுக்கும் இடமும் வாட்டும் தட்டும் அவர்களுக்குப் போதும். பெண்பிள்ளைகளின் தலைமுடியைக் கட்டிவிடுங்கள். ஷோல், தொங்கும் ரிப்பன் எதுவும் இயந்திரப் பக்கம் போகக் கூடாது. ஒரு பெரியவருக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

போவதற்கு முதல் நாள் வகுப்பறையில் ஒரு வேலை இருக்கிறது. அரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாங்கி, கடைக்காரரிடம் தராசை இரவல் எடுத்து, பிள்ளைகளே நிறுக்கட்டும். பழைய பத்திரிகையில் பரப்பி ஜன்னலோரம் வையுங்கள். மறுநாள் காலையில் மறுபடியும் நிறுங்கள். எடை குறைந்திருக்கும். ஒரு கொழுந்தை எடுத்து மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று படக்கென்று ஒடிந்த காம்பு இன்று துணிமாதிரி வளையும். "தண்ணி எங்கே போனது?" என்று யாராவது கேட்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அந்தக் கேள்வி அவர்களிடமிருந்து வந்த பிறகு ஸ்டோருக்குள் போனால், மேல்தட்டில் காற்றடித்துக் கொழுந்தை வாட்டுவதை யாரும் விளக்கத் தேவையில்லை.

உள்ளே ஐந்து இடத்தில் நிற்க வேண்டும்: வாட்டுதல், அரைத்தல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல். இவற்றில் நொதிக்க விடும் இடத்தில் கூடுதல் நேரம் நில்லுங்கள். பச்சை நிறம் செம்பு நிறமாக மாறுவதும் வாசனை மாறுவதும் பிள்ளையின் கண்ணுக்கும் மூக்குக்கும் நேரடியாகத் தெரியும் இடம் அது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுத்துப்போவதைப் போலத்தான், காற்றுப் பட்டு நிறம் மாறுகிறது என்று சொன்னால் போதும்.

திரும்பி வந்தவுடன் "ஸ்டோருக்குச் சென்ற அனுபவம்" என்று பத்து வரி எழுதச் சொல்லாதீர்கள். முதலில் பேச விடுங்கள். வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம். அதைப் பிள்ளை சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். ஒழுங்குபடுத்துவது மறுநாள் வேலை. தரம் 1 வரையட்டும். தரம் 4க்குக் கணக்கு தயாராக இருக்கிறது: நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அம்மா நேற்று நிறுத்த கொழுந்தில் எத்தனை கிலோ தேயிலை வரும்? இந்தக் கணக்கைச் செய்து முடித்த ஒரு பையன், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தினமும் நிறுவையைக் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கினான். அவன் கொப்பியின் பின்பக்கம் முழுக்க அந்த எண்கள். வகுத்தலில் அதுவரை பின்தங்கி இருந்த பிள்ளை அவன்.

தரம் 5 பிள்ளைகள் இன்னும் ஒரு படி போகலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைத் தொடங்கியதைச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், கோப்பிக் காலத்திலேயே, நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை நடந்ததைச் சொல்லுங்கள். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. பெரியவர்கள் சிலருக்கு அது நினைவிருக்கும். பிறகு அப்பாயியிடமோ அம்மாயியிடமோ மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். கேள்விகளை வகுப்பிலேயே பிள்ளைகள் தயாரிக்க வேண்டும். "உங்கள் காலத்தில் ஸ்கூல் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு வரும் பதில்களைக் கேட்டால், நமக்கே இந்தக் கட்டடத்தின் மீது வேறொரு மதிப்பு வரும்.

இரண்டாம் தவணை: மழைமானி

மழையில் வெளியே போக முடியாது. சரி, மழையையே பாடமாக்கிவிடலாம்.

நேரான சுவருள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று எடுங்கள். நெளிவு உள்ளது வேண்டாம். கழுத்துக்குக் கீழே, போத்தல் நேராகும் இடத்தில் வெட்டி, மேல் துண்டைக் கவிழ்த்துப் புனல்போல் செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும். ஆகவே அடியில் கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் தள்ளி, தரையில் தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாத உயரத்தில், நான்கு செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு மழையை அளக்கிறது. நமக்கும் அது வசதியான நேரம். காலைக் கூட்டம் முடிந்து முதல் பாடவேளை நடக்கும். இரண்டு பிள்ளைகள் போய்ப் பார்த்து, அளவை எழுதி, தண்ணீரைப் பூச்சியக் கோடு வரை குறைத்துவிட்டு வர வேண்டும். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எண் வேண்டாம். எவ்வளவு மழை நின்றதோ அதே உயரத்துக்கு நீலக் கடதாசிக் கீற்று வெட்டிச் சுவரில் ஒட்டட்டும். ஜூன் மாதக் கடைசியில் அந்தச் சுவரைப் பாருங்கள். வரைபு என்ற சொல்லே கேட்டிராத பிள்ளை ஒரு வரைபைச் செய்து முடித்திருக்கும். தரம் 3 மில்லிமீற்றரை வாசிக்கும், தரம் 4 வாரக் கூட்டுத்தொகை எடுக்கும். சனி, ஞாயிறுக்குத் திங்களன்று மொத்தமாக அளந்து, "மூன்று நாள்" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தரம் 5க்கு வரும்போது மூன்று கோடுகள் சிவப்பு மையில் போடுவோம்: 75, 100, 150. மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் இவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 75 விழுந்தாலும் வெளியேற வேண்டியதுதான். பாடசாலைப் போத்தல் அதிகாரிகளின் அறிவிப்புக்குப் பதிலாகாது. இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனாலும் தொலைக்காட்சியில் "100 மில்லிமீற்றர்" என்று சொல்லும்போது, அது எவ்வளவு என்று விரலை விரித்துக் காட்டத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது சின்ன விஷயமில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணுக்குள் போனதை இங்கே எந்த ஆசிரியருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்தக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். சரிவு வருமுன் மலை காட்டும் அறிகுறிகளைப் படிப்பியுங்கள். சுவரிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்பு, சாய்ந்து வரும் மரமும் கம்பமும், தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் (குழாய்வழி வரும் ஊற்று நீர்) திடீரெனக் கலங்குவது, தண்ணீர் வராத இடத்தில் ஊற்று வருவது. ஒவ்வொரு பாடத்தையும் "இதைக் கண்டால் யாரிடம் சொல்வேன், எங்கே போவேன்" என்பதில் முடியுங்கள். பயத்தோடு வீட்டுக்கு அனுப்பாமல், செய்ய ஒரு வேலையோடு அனுப்ப வேண்டும்.

சமயப் பாடவேளையும் ஒளிவிழாவும்

ஜனவரி 16 புனித ஜோசப் வாஸ் திருநாள். கத்தோலிக்க வகுப்பில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்; காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லத் தகுந்த கதை அது. கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான அவர், 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறை வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, சொந்தக்காரர்களே நோயாளியை விட்டு ஓடியபோது, அவர் சமயம் பார்க்காமல் ஒவ்வொரு நோயாளியாகப் போய்ப் பார்த்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். கதை முடிந்ததும் ஒரு வேலை கொடுங்கள்: வகுப்பில் யாராவது சுகமில்லாமல் வராவிட்டால், பக்கத்து லயத்துப் பிள்ளை அன்றைய பாடக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்க.

மூன்றாம் தவணையின் பெரிய வேலை ஒளிவிழா, அதாவது பாடசாலைக் கிறிஸ்மஸ் விழா. விடுமுறை டிசம்பர் தொடக்கத்தில் வந்துவிடும், ஆகவே நவம்பர் கடைசியில் வைத்துக்கொள்வோம். ஒத்திகையைக் கடைசிப் பாடவேளைக்கு மேல் போக விடாதீர்கள். நாடகத்தை ஆசிரியர் எழுதாமல் பிள்ளைகள் எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் எழுதிய ஒன்றில் சூசையும் மரியாளும் இயேசு பிறக்க இடம் தேடி, லயத்தில் ஒவ்வொரு இஸ்தோப்பாக (வீட்டு முன்திண்ணையாக) ஏறிக் கேட்பார்கள். "எங்க வீட்டுலயே ஏழு பேர் படுக்கிறோம்" என்று ஒரு வீட்டுக்காரி சொல்வாள். அந்த வரியை எழுதிய பிள்ளைக்கு வேறு யாரும் உரையாடல் எழுதப் படிப்பிக்க வேண்டியதில்லை. குடிலுக்குக் கூரை மானாப்புல், தூண்கள் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. உடுப்பு வாடகைக்கு எடுக்க வேண்டாம். அம்மாவின் சேலையும் தாத்தாவின் வேட்டியும் போதும். நிகழ்ச்சி அறிவிப்பைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சில பிள்ளைகள் செய்யட்டும். இரண்டாம் மொழிப் பாடத்துக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஒவ்வொரு பிள்ளையும் மேடையைத் தொட வேண்டும். எப்போதும் அதே நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தால் அது அந்த நால்வரின் விழாதான்.

சைவப் பிள்ளைகளின் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பி, என்ன பங்கு எடுக்க விருப்பம் என்று கேளுங்கள். பாட்டு, வெளிச்சம், மேடை அமைப்பு, நாடகம், எதுவானாலும் அவர்களாகத் தேர்ந்தெடுக்கட்டும். செபத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நவராத்திரிக்கு வாணி விழா நடக்கும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் மாவிலைத் தோரணம் கட்ட வருவார்கள். இரண்டையும் ஒரே அக்கறையோடு செய்யும் பாடசாலையில் பெற்றோருக்குச் சந்தேகம் வராது.

சிறுவர் சந்தையைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். ஆளுக்கொரு கடை வைக்காதீர்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு கடை என்றால், ஒன்றும் கொண்டுவர முடியாத பிள்ளையும் விற்பனையாளராக நிற்கும். விலையெல்லாம் பத்தின் மடங்காக இருந்தால் தரம் 2 பிள்ளை மிச்சக்காசைத் தானே எண்ணிக் கொடுக்கும். லீக்ஸ், கரட், போஞ்சி, அவித்த மரவள்ளி என்று எது வந்தாலும் நிறுத்து விற்கட்டும்.

பெற்றோர், தரம் 5, கோப்பு

வேலை நாளில் கூட்டம் வைத்தால் தாய்மார் வரமாட்டார்கள். வந்தால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும். மாலை நிறுவை முடிந்த பிறகு, லயத்துக்குப் பக்கத்தில் கோயில் மண்டபத்திலோ பிள்ளை மடுவத்திலோ (தோட்டக் குழந்தைகள் காப்பகத்திலோ) நீங்கள் போய் உட்காருங்கள். சம்மதக் கடிதத்தைப் பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். பஸ் எடுத்துப் போகும் பயணமென்றால் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும்; அதற்கான கடிதத்தைத் தவணைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். காசு கட்ட முடியாததால் ஒரு பிள்ளை வீட்டில் நிற்கும் பயணத்தை நான் ஒழுங்கு செய்வதில்லை. செலவு கூடினால் தூரத்தைக் குறைத்துவிடுவோம்.

தரம் 5 பெற்றோர் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துக் கவலைப்படுவார்கள். "ஸ்கூல்ல விளையாட்டுக் காட்டுறாங்க" என்ற பேச்சும் வரும். அவர்களிடம் கோபப்படாமல், ஒரு பழைய வினாத்தாளைக் கையில் கொடுத்து, சுற்றாடலையும் அளவைகளையும் பற்றிய வினாக்களைக் காட்டுங்கள். பிறகு மழைமானிக் கொப்பியைக் காட்டுங்கள். பரீட்சைக்கு முந்திய சில வாரங்கள் அந்த வகுப்பை மற்ற வேலைகளிலிருந்து விட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. வருஷம் முழுக்க வினாத்தாள் கட்டோடு உட்கார வைப்பதற்குத்தான் நான் உடன்பட மாட்டேன்.

கடைசியாக, ஒவ்வொரு அனுபவத்துக்கும் ஒரு மெல்லிய கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அனுமதிக் கடிதத்தின் பிரதி, கோடிட்ட தேர்ச்சிகளின் அரைப்பக்கம், செலவுக் கணக்கு, ஒவ்வொரு தரத்திலிருந்தும் மூன்று பிள்ளைகளின் வேலை. அந்த மூன்றில் ஒன்று, வழக்கமாகப் பின்னால் நிற்கும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். டீமேக்கர் எந்த நேரம் வரச் சொன்னார், எந்தக் கடைக்காரர் தராசு தந்தார் என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த ஜனவரியில் உங்கள் வகுப்பை எடுக்கும் ஆசிரியைக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.